தென்துருவத்துக்குப் பெட்டி கட்டுமுன்: வாசகர் கேள்விகள்

கே: அண்டார்டிகாவில் உள்ள இந்திய ஆய்வு நிலையமான மைத்ரிக்கு அருகே தானியங்கி வானிலைக் கருவி நிறுவப்போகிறோம். பொருள்களைக் கப்பலில் அனுப்புவதா, விமானத்திலா?
— ஆய்வு மாணவி, திருச்சி

ஆட்கள் கேப்டவுனிலிருந்து விமானம் ஏறினால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் மைத்ரிக்குப் பக்கத்திலுள்ள நோவோ ஓடுதளத்தில் இறங்கிவிடலாம். ஆனால் எடைக்குக் கடுமையான வரம்பு உண்டு. தூண், இழுகம்பி, சோலார் பலகை எல்லாம் கப்பலுக்குத்தான். அந்தக் கப்பல் கோடைக்கு ஒரு தடவை வருவது. பனித்தட்டின் விளிம்பில் சரக்கை இறக்கியபின் சுமார் 100 கிலோமீட்டர் தூரம் பிஸ்டன்புல்லி என்ற பனிவண்டிகள் இழுத்துவர வேண்டும். கடல்பனி விலகவில்லை, காற்று ஓயவில்லை என்றால் நாள்கள் ஓடிவிடும். ஆள் நவம்பரில் வந்து காத்திருக்க, தூண் கோடை முடியும்போது வந்துசேர்ந்தால் அந்த ஆண்டு போனதுதான். அதனால் கனமான பாகங்களை இந்த ஆண்டுக் கப்பலில் அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டு போய் நிறுவுங்கள். உணர்விகளும் அளவீடுகளைப் பதிவுசெய்யும் டேட்டா லாகரும் உங்களோடு விமானத்தில் வரட்டும்.

ஒவ்வொரு பெட்டியும் இரண்டு பேர் தூக்கும் எடைக்குள், 40 கிலோவைத் தாண்டாமல் இருக்கட்டும். எடையையும் பெட்டி எண்ணையும் நான்கு பக்கமும் மேலேயும் எழுதுங்கள். பனி மூடினால் ஒரு பக்கமாவது தெரியும். தெர்மகோல் மணிகளைத் திணிக்காதீர்கள், அண்டார்டிகாவுக்குள் அவற்றைக் கொண்டுபோக அண்டார்டிகச் சூழலைக் காக்கும் சர்வதேச உடன்பாடான மாட்ரிட் நெறிமுறை தடைசெய்கிறது. மரப்பெட்டி என்றால் வெப்பப் பதனம் செய்த முத்திரை வேண்டும். திரவம் இருக்கும் பெட்டியில் ‘உறையக் கூடாது’ என்று பெரிதாக எழுதி, சரக்குப் பட்டியலிலும் தனியே குறிப்பிடுங்கள். அதே பெட்டி நிலநடுக்கோட்டு வெயிலில் கன்டெய்னருக்குள் வெந்துகொண்டு போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பலரும் கோட்டைவிடுவது திருகாணியில். தடித்த கையுறையோடு எம்4 (4 மி.மீ. விட்டம்) திருகைப் பிடிக்க முடியாது. கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துப்போகும். எம்8 அல்லது அதற்கு மேல் போடுங்கள், ஒவ்வோர் அளவிலும் கூடுதலாகப் பத்து எடுத்துவையுங்கள். சாதாரண பிவிசி உறை கொண்ட கேபிள் குளிரில் விறைத்து, வளைத்த இடத்தில் வெடிக்கும். சிலிக்கோன் உறை வாங்குங்கள். திருச்சியிலேயே கருவியை முழுதாகப் பூட்டி, கையுறை மாட்டிக்கொண்டு ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

கே: குளிர்காலம் முழுக்கத் தாங்க எந்த பேட்டரி, எவ்வளவு?
— மின்னணுப் பொறியாளர், கோவை

மைத்ரியில் ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் உதிக்காது. கருவி சராசரியாக 10 மில்லியாம்பியர் இழுத்தால், 60 நாளுக்கு 14.4 ஆம்பியர்-மணி. மைனஸ் 20 டிகிரியில் ஈய-அமில பேட்டரியின் திறன் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதிலும் பாதிக்கு மேல் தீர விடக்கூடாது. ஆகவே கணக்கு 58 ஆம்பியர்-மணியைத் தொடும். மைனஸ் 30 வரை இறங்கும் இடத்தில் 100 போடுவதே பாதுகாப்பு. பேட்டரியைத் தீரவிடாமல் காப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சார்ஜ் நிரம்பிய ஈய-அமில பேட்டரி மைனஸ் 50-லும் உறையாது, தீர்ந்துபோனது மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்து உடைந்துவிடும். குறைந்த மின்னழுத்தத்தில் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே கட்டாயம். அமிலம் சிந்தாத, மூடிய வகையையே வாங்குங்கள்.

லித்தியம்-அயனை பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் ஆனோடில் (எதிர்மின் முனையில்) லித்தியம் உலோகமாகப் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். சூடேற்றும் ஏற்பாடு இல்லாவிட்டால் சோலாரோடு அதை இணைக்காதீர்கள். விமானச் சரக்கில் தனியாக அனுப்பும் லித்தியம்-அயனில் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

கே: உறைநிலை மாதிரிகளைத் திரும்பக் கொண்டுவரும்போது எங்கே கெடுகின்றன?
— பேராசிரியர், சென்னை

பெரும்பாலும் கைமாறும் இடத்தில்: கப்பலிலிருந்து குளிர் கன்டெய்னரை இறக்கி, துறைமுகத்தில் மின்இணைப்புக் கொடுக்கும்வரை உள்ள இடைவெளியில். கன்டெய்னரின் நடுவிலும் கதவோரத்திலும் வெப்பப்பதிவுக் கருவி வையுங்கள். ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து வேறுவேறு பெட்டியில் அனுப்புங்கள். விமானத்தில் உலர்பனியோடு (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வந்தால் ஒரு பெட்டிக்கு நாளொன்றுக்கு 2 முதல் 5 கிலோ வரை ஆவியாகும். பயணம் 48 மணி நேரம் என்றால் 96-க்குக் கணக்குப் போட்டு நிரப்புங்கள், வாயு வெளியேற வழி விட்டுப் பெட்டியை மூடுங்கள். கருவிகளின் வரிசை எண்களை ஏற்றுமதித் தாள்களிலேயே எழுதியிருந்தால் திரும்பி வரும்போது சுங்கத்தில் பெட்டி தேங்காது. அதே சரக்கோடு வரும் மாதிரிகளும் உருகாது.