தாத்தா போன கிள்ளான் ஊர்வலம் எந்த வருடம்?

தம்பி, உங்கள் தாத்தா மலாயாவில் பந்திங் தோட்டத்திலிருந்து கிள்ளானுக்கு ஊர்வலமாகப் போனது 1948இலா என்று கேட்டிருந்தீர்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும், அதை எதிர்த்தோம் என்று அவர் சொன்னாராமே, அது ஒன்றே போதும்: 1941. கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடுவது, இவையும் இருந்தன. மே மாதம் வேலைநிறுத்தத் தலைவர் ஆர்.எச். நாதனைக் கைது செய்ததும் ஆட்கள் கிள்ளானில் திரண்டார்கள். அப்புறம் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

ஆதாரம் வேண்டுமென்றால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளத்தில் 1941 மே இதழ்களைத் தேடுங்கள், இலவசம்தான். தாத்தா பெயர் கிடைப்பது கஷ்டம். தோட்டத்தின் பெயர் கிடைக்கலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.