இயற்கை முறைக்கு எந்த மக்காச்சோள ரகம்?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ரசாயன உரம் போடாமல் பயிர் செய்கிறேன். மக்காச்சோளத்தில் மட்டும் மகசூல் சரிந்துவிட்டது. இரண்டு வீரிய ஒட்டு ரகங்களும் ஒரு நாட்டு ரகமும் கைவசம் உள்ளன. எது பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: விதைப்பையில் போட்டிருக்கும் மகசூல் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் அது தழைச்சத்தைத் தாராளமாகக் கொடுத்து, களைக்கொல்லி அடித்த வயலில் வந்த கணக்கு. உங்கள் வயலில் தொழு உரம் மெல்ல மக்கித்தான் சத்து கொடுக்கும். மக்காச்சோளமோ முழங்கால் உயரம் வந்ததிலிருந்து ஆண் பூ வரும்வரை தழைச்சத்தை வேகமாக இழுக்கும் பயிர். அப்போது சத்து போதாவிட்டால் அடி இலைகள் நுனியில் தொடங்கி நடுநரம்பை ஒட்டியே மஞ்சளாகிக்கொண்டு வரும். எந்த ரகத்தில் இந்த மஞ்சள் தாமதமாகவும் குறைவாகவும் வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றையும் உங்கள் வயலிலேயே, நீங்கள் வழக்கமாகப் போடும் உரத்தில் விதைத்துப் பாருங்கள். ஆளுக்கொரு துண்டு என்று ஒரே ஒரு முறை விதைத்தால் ஏமாந்துபோவோம். நான் முதன்முதலில் அப்படித்தான் செய்தேன். ஜெயித்தது ரகமல்ல, எருக்குழியை ஒட்டியிருந்த துண்டு. அதனால் ஒவ்வொரு ரகத்தையும் வயலில் மூன்று நான்கு இடங்களில், எந்த ரகத்துக்குப் பக்கத்தில் எது என்பதை இடத்துக்கு இடம் மாற்றி விதையுங்கள். ஒரு பாத்திக்கு நான்கு வரிசை போட்டு, நடு இரண்டு வரிசைகளை மட்டும் எடை போடுங்கள். ஓர வரிசைக்கு வெளிச்சமும் பக்கத்து ரகத்தின் நிழலும் கணக்கைக் கெடுக்கும். விதை மூன்றுமே பூஞ்சைக்கொல்லி தடவாததாக இருக்கட்டும். இயற்கை முறைக்கு அது ஆகாது என்பது ஒருபுறம், ஒன்றுக்கு மட்டும் மருந்து தடவியிருந்தால் முளைப்பை ஒப்பிடவே முடியாது.

நான் அதிகம் பார்ப்பது முதல் முப்பது நாளைத்தான். களைக்கொல்லி இல்லாத வயலில் பயிரே களையை அடக்க வேண்டும். முப்பதாம் நாள் வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்து மண்ணைப் பாருங்கள். ஒரு ரகத்தில் இலை அகலமாகச் சாய்ந்து மண்ணை மூடியிருக்கும். இன்னொன்றில் இலை விறைப்பாக மேல்நோக்கி நிற்கும். வெயில் நேரே தரையில் விழுந்து கோரை தழைக்கும். நெருக்கி நட ஏற்றது என்று விறைத்த இலை ரகத்தைப் பலர் விரும்புகிறார்கள். கைக்களை எடுப்பவருக்கு மூடுகிற இலைதான் துணை.

பூக்கும்போது ஆண் பூவில் மகரந்தம் உதிரத் தொடங்கிய நாளையும், கதிரில் பட்டு இழை வந்த நாளையும் எழுதி வையுங்கள். வறட்சியோ சத்துக் குறைவோ வந்தால் இழை பிந்தும். இடைவெளி நீண்டால் கதிரில் மணி பிடிக்காது. மணி பால் பிடித்ததும் கதிரின் நுனியைப் பெருவிரலால் அழுத்துங்கள். உறை இறுக்கமாக, நுனியைத் தாண்டி மூடியிருந்தால் புழு, பறவை, மழைநீர் மூன்றுக்கும் தடை. நுனி திறந்து மணி தெரியும் ரகத்தை, எவ்வளவு பெரிய கதிரானாலும், நான் இயற்கை முறைக்குச் சொல்ல மாட்டேன். படைப்புழு குருத்தைத் தின்ற செடி எவ்வளவு சீக்கிரம் தேறுகிறது என்பதையும், அறுவடையின்போது சாய்ந்த தட்டை எத்தனை என்பதையும் எண்ணுங்கள்.

எடை போடும்போது ஈரப்பதத்தைச் சரிசெய்யாமல் ஒப்பிடாதீர்கள். ஒரு ரகம் 25 சதவீத ஈரத்தில் 10 கிலோ மணி. இன்னொன்று 18 சதவீதத்தில் 9.5 கிலோ. இரண்டையும் 14 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் முதலாவது 8.7 கிலோ, இரண்டாவது 9.1 கிலோ. எடையை நூறிலிருந்து ஈரத்தைக் கழித்த எண்ணால் பெருக்கி 86-ஆல் வகுத்தால் போதும்.

நாட்டு ரகம் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தாலும் உடனே ஒதுக்காதீர்கள். ஒட்டு ரகத்தில் விதை எடுத்தால் அடுத்த தலைமுறை சீரற்றுப்போய் மகசூல் இறங்கும். நாட்டு ரகத்தில் ஆண்டுதோறும் உங்கள் மண்ணுக்குத் தக்க கதிரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போகலாம். ஆனால் இந்தச் சோதனைப் பாத்தியிலிருந்து விதை எடுக்க வேண்டாம். காற்றில் மகரந்தம் கலந்திருக்கும். விதைக்கென்று குறைந்தது 200 மீட்டர் தள்ளித் தனியாக விதையுங்கள். இடமில்லாவிட்டால் பூக்கும் காலம் மோதாதபடி மூன்று நான்கு வாரம் முன்பின்னாக விதையுங்கள். நான்கைந்து பெரிய கதிரோடு நிறுத்திவிட்டால் சில ஆண்டுகளில் ரகம் வலுவிழக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட நல்ல செடிகளிலிருந்து கதிர் எடுத்துக் கலந்து வையுங்கள்.

ஒரே பருவத்தோடு முடிவெடுக்க வேண்டாம். அடுத்த பருவமும் இதே மூன்றை விதைத்துவிட்டுக் குறிப்பேட்டோடு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.