ரிப்பீட்டர் கன்ட்ரோலர்: விலையைக் கேட்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: நாங்கள் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் உள்ள நால்வர். எங்களிடம் சும்மா கிடக்கும் இரண்டு மொபைல் ரேடியோக்களை இணைத்து, டபிள்யூபிசி (ரேடியோ அலைவரிசைக்கு அனுமதி தரும் மத்திய அரசுப் பிரிவு) அனுமதி வாங்கி, 2 மீட்டர் பேண்டில் ஒரு ரிப்பீட்டர் (வாங்கிய சிக்னலை உடனே மறுபடி அனுப்பும் நிலையம்) வைக்க எண்ணம். சென்னை ரிச்சி தெருவில் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றை 'ரிப்பீட்டர் கன்ட்ரோலர்' என்று மலிவாகக் கொடுக்கிறார்கள். ஆன்லைனில் பல மடங்கு விலையில் வேறொன்று இருக்கிறது. உள்ளே அப்படி என்ன வித்தியாசம்? — அண்ணா நகர் வாசகர்

பதில்: கடைக்காரரிடம் கேட்டு மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு ரிலே, ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு டையோடு, ஒரு கெப்பாசிட்டர் மட்டும் இருந்தால் அது குரலைக் கேட்டு விழித்துக்கொள்ளும் வாக்ஸ் பெட்டி. ரிசீவரின் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியை டையோடு டிசியாக மாற்றி ரிலேயை இழுக்கும். கெப்பாசிட்டர் நிறைவதற்குள் முதல் அசை போய்விடும். 'வணக்கம்' என்பது 'க்கம்' என்றுதான் போய்ச் சேரும். பேசுபவர் மூச்சு விட்டால் ரிலே விழுந்துவிடும்.

உண்மையான கன்ட்ரோலர் குரலை நம்பி இருக்காது. ரிசீவரின் ஸ்கெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்துவைக்கும் சுற்று) திறந்ததும் மின்னழுத்தம் மாறும் கம்பி ஒன்று உண்டு. அதை சிஓஎஸ் என்றும் சிஓஆர் என்றும் சொல்வார்கள். அந்த மாற்றத்தைப் பார்த்ததும் மைக்ரோகன்ட்ரோலர் டிரான்ஸ்மிட்டரின் பிடிடி கம்பியை (மைக் பொத்தானை அழுத்துவதற்குச் சமமான கம்பி) தரைக்கு, அதாவது கிரவுண்டுக்கு, இழுக்கும். சிக்னல் போனபின் ஓரிரு விநாடி பிடித்துவைத்து, ஒரு பீப் விட்டு, அப்புறம்தான் விடும். யாராவது மைக்கின் மேல் உட்கார்ந்துவிட்டால், வழக்கமாக 3 நிமிடம் வைத்திருக்கும் டைம்-அவுட் அதை வெட்டிவிடும். அழைப்புக்குறியை மோர்ஸில் அனுப்புவதும் அதன் வேலைதான்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ரேடியோவில் சிஓஎஸ் கம்பி இருக்கிறதா என்பது. டேட்டாவுக்கான 6 பின் மினி-டின் சாக்கெட் இருந்தால் கவலை இல்லை: 1 டிரான்ஸ்மிட் ஆடியோ, 2 தரை, 3 பிடிடி, 4 வடிகட்டாத 9600 ஆடியோ, 5 வடிகட்டிய 1200 ஆடியோ, 6 ஸ்கெல்ச் (9600, 1200 என்பவை டேட்டா வேகம்). மோட்டரோலா ஜிஎம்300-இன் 16 பின் சாக்கெட்டில் 3 பிடிடி, 5 ஃபிளாட் (சுருதித் திருத்தம் செய்யாத) டிரான்ஸ்மிட் ஆடியோ, 7 தரை, 11 ரிசீவ் ஆடியோ. 8-ஐ மென்பொருளில் சிஓஎஸ் ஆக்கிக்கொள்ளலாம். ஸ்கெல்ச் திறக்கும்போது மின்னழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ரேடியோவுக்கு ரேடியோ மாறும். கேள்விப்பட்டதை நம்பாமல் மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் ஜம்பர் தந்திருக்கும் கன்ட்ரோலரே வாங்கத் தகுந்தது.

கவுண்டரிலேயே சோதிக்கலாம். 12 வோல்ட் கொடுங்கள். சிஓஎஸ் உள்ளீட்டை ஒரு துண்டுக் கம்பியால் தரையோடு தொடுங்கள் (ஜம்பர் 'இறக்கம்' பக்கம் இருக்கட்டும்). பிடிடி வெளியீட்டை 5 வோல்ட்டுக்கு 4.7 கே ரெசிஸ்டரால் இழுத்துவைத்து மீட்டரில் பாருங்கள்: 0.2 வோல்ட்டுக்குள் இறங்கினால் நல்லது. யூஎல்என்2003 ஐசி வழியாக இழுக்கும் பெட்டிகளில் 0.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது, அது இரண்டு டிரான்சிஸ்டர் அடுக்கிய டார்லிங்டன். சில ரேடியோக்கள் அதை 'அழுத்தப்பட்டது' என்று ஏற்காமல் பேசாமல் இருந்துவிடும். அந்த இடத்தில் ஒரு 2என்7000 மாஸ்ஃபெட் போட்டால் தீரும். கம்பியை எடுக்காமல் 3 நிமிடம் காத்திருந்து, பிடிடி தானாக விடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

கேள்வி: வாங்கி மாட்டிவிட்டோம். பிடிடி சரியாக வேலை செய்கிறது. ஆனால் குரல் கீச்சென்று வருகிறது, இடையே உறுமலும் உண்டு. கன்ட்ரோலர் பழுதா? — தாம்பரம் வாசகர்

பதில்: பெரும்பாலும் பழுது கிடையாது, கம்பி எடுத்த இடம்தான் தப்பு. எஃப்எம்மில் அனுப்பும்போது உயர் சுருதிகளை ஆக்டேவுக்கு 6 டெசிபெல் உயர்த்துவார்கள், வாங்கும்போது அதே அளவு தாழ்த்துவார்கள். அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிஸ்கிரிமினேட்டரிலிருந்து (அதாவது 9600 பின்னிலிருந்து) நேராக எடுத்த ஆடியோவில் தாழ்த்தல் இன்னும் நடக்கவில்லை. அதை மைக் பின்னில் கொடுத்தால் மறுபடி உயர்த்தப்படும், கீச்சென்று கேட்கும். ஸ்பீக்கர் ஆடியோவை ஃபிளாட் பின்னில் கொடுத்தால் நேர் எதிர், கம்பளிக்குள் இருந்து பேசுவது போல மந்தமாகிவிடும். ஸ்பீக்கரோ 1200 பின்னோ என்றால் மைக் பின்; டிஸ்கிரிமினேட்டர் என்றால் ஃபிளாட் பின். இந்த ஜோடி மாறக்கூடாது.

டிஸ்கிரிமினேட்டரிலிருந்து எடுத்தால் சிடிசிஎஸ்எஸ் தொனியும் (ஸ்கெல்ச்சைத் திறக்கக் குரலோடு அனுப்பும் தாழ்ந்த அடையாள ஒலி) கூடவே வரும். அது 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரை. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் கன்ட்ரோலரில் இல்லாவிட்டால், வந்த தொனி அப்படியே வெளியேறி உறுமலாகக் கேட்கும். உங்கள் உறுமல் அதுவா, 12 வோல்ட் சப்ளையின் ஹம்மா என்று பிரித்துப் பாருங்கள்: தொனி போடாத ரேடியோவில் பேசியும் உறுமினால் சப்ளை அல்லது தரை வளையம் (தரை இரண்டு வழியில் இணைந்து ஹம் எழுவது). இரண்டு ரேடியோவுக்கும் இடையிலான ஆடியோ பாதையில் 600 ஓம் 1:1 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போட்டால் வளையம் உடையும்.

அளவையும் கவனியுங்கள். மைக் பின்னுக்குச் சில மில்லிவோல்ட் முதல் சில பத்து மில்லிவோல்ட் போதும். ரிசீவர் தருவதோ சில நூறு. தொடரில் 33 கே, தரைக்கு 1 கே என்று வைத்தால் 34-இல் ஒரு பங்காகும். ரேடியோவின் உள்மின்தடையால் இன்னும் குறையும். மீதியை பிரிசெட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். மைக் பின்னில் டிசி இருக்கும், ஆகவே 1 மைக்ரோஃபாரட் தொடரில் அவசியம். எலக்ட்ரோலிட்டிக் என்றால் பிளஸ் முனை டிசி இருக்கும் பக்கம்.

கேள்வி: மின்தடை முடிந்து கரண்ட் வரும்போதெல்லாம் டிரான்ஸ்மிட்டர் ஒரு கணம் தானாக ஆன் ஆகிறது. ஒருநாள் ஆன் ஆகி அப்படியே நின்றுவிட்டது. — ராயபுரம் வாசகர்

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். கரண்ட் வந்ததும் மைக்ரோகன்ட்ரோலர் விழிக்கச் சில மில்லிவிநாடி ஆகும். அதுவரை அதன் வெளியீட்டு முனை அந்தரத்தில் நிற்கும். 8051 குடும்பம் என்றால் ஹையில் நிற்கும், பிடிடி டிரான்சிஸ்டர் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து தரைக்கு 10 கே ரெசிஸ்டர் இருக்கிறதா பாருங்கள். பல மலிவுப் பலகைகளில் அந்த ஒன்றைத்தான் மிச்சம் பிடித்திருப்பார்கள்.

ஆன் ஆகி நின்றதற்கு, டிரான்ஸ்மிட்டரின் அலை சிஓஎஸ் கம்பிக்குள் புகுவது வழக்கமான காரணம். பலகைக்குள் நுழையும் இடத்திலேயே ஒவ்வொரு கம்பிக்கும் தரைக்கு 1 நானோஃபாரட் செராமிக் வையுங்கள், கம்பியை ஃபெரைட் வளையத்தில் இரண்டு சுற்று சுற்றுங்கள். அதிலும் தீராவிட்டால், ரிசீவர் தன் டிரான்ஸ்மிட்டரையே கேட்டு ஸ்கெல்ச்சைத் திறந்துகொள்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறை சிஓஎஸ் விழும்போதும் டைம்-அவுட் பூஜ்ஜியமாகிவிடுவதால் 3 நிமிட வெட்டும் காப்பாற்றாது. அது டூப்ளெக்ஸர் (ஒரே ஆன்டெனாவில் அனுப்புவதையும் வாங்குவதையும் பிரிக்கும் வடிகட்டி), ஆன்டெனா சம்பந்தப்பட்டது. கன்ட்ரோலரை மாற்றிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். ராயபுரத்தில் கடல் காற்று வேறு: கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: கன்ட்ரோலர் என்று எழுதி வாக்ஸ் பெட்டியைத் தந்துவிட்டார்கள். பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறது. — குரோம்பேட்டை வாசகர்

பதில்: அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதே முறையற்ற வணிகம். பெட்டிக்குள் சிஓஎஸ் உள்ளீடு இல்லை என்பதைத் தெளிவாகப் படம் எடுத்து, பில்லோடு கடைக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பில்லே இல்லாமல் வாங்கியிருந்தால் வாதம் பலவீனமாகிவிடும்; அடுத்த முறை பில்லில் 'சிஓஎஸ் உள்ளீடு உள்ளது' என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.