பயனியர் கிராமங்களில் (முன்னாளில் குடியேறியவர்களின் வாழ்க்கையைக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகங்களில்) செய்து காட்டும் பழைய கைத்தொழில்கள் பார்க்கத் தகுந்தவையா, வெறும் நாடகமா?

இரண்டும்தான். ஆனால் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

ரொறன்ரோவில் இருப்பதால் எனக்குப் பழக்கமான பிளாக் கிரீக் கிராமத்தை வைத்தே சொல்கிறேன். 1816இல் ஸ்டோங் குடும்பம் கட்டிய மரக்குற்றி வீடு அங்கே கட்டிய இடத்திலேயே நிற்கிறது. மற்றக் கட்டடங்களில் பல, வேறு ஊர்களிலிருந்து கழற்றி வந்தவை. 1842இல் கட்டிய ரொப்ளின் மாவு ஆலையும் அப்படி வந்ததுதான். 1960இல் திறந்த இந்தக் கிராமம் காட்டுவது 1860களின் வாழ்க்கையை.

நான் அதிக நேரம் நிற்பது கம்மாலையில். துருத்தியை அமுக்க அமுக்க உலையில் கம்பி சிவந்து, மஞ்சளாகும்போது கொல்லர் வெளியே எடுப்பார். பட்டடையில் வைத்துத் திருப்பித் திருப்பி அடித்து நான்கு பக்கமும் கூராக்குவார். பிறகு உளியில் வைத்து முக்கால்வாசி வெட்டி, துளையுள்ள இரும்புத் தட்டில் செருகி ஒடித்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டைத் தட்டிப் பரப்பினால் ஆணிக்குத் தலை வந்துவிடும். எல்லாம் ஒரே சூட்டில் முடிய வேண்டும். கம்பி கறுத்துவிட்டால் திரும்ப உலைக்குப் போக வேண்டியதுதான். ஆணி என்றால் கடையில் பெட்டியாக வாங்குவது என்று நினைத்திருந்த என் மகள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

நாடகம் எங்கே என்றால், 1860களில் ஒன்ராறியோக் கொல்லர் இப்படி உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருக்கவில்லை. 1790களிலேயே அமெரிக்காவில் ஆணி வெட்டும் இயந்திரம் வந்துவிட்டது, சனங்கள் கடையில்தான் வாங்கினார்கள். கொல்லருக்குச் சோறு போட்டது குதிரை லாடமும் கலப்பை, வண்டிப் பழுதும். ஆனால் அந்த வேலைக்கு நேரம் பிடிக்கும், ஆணி சில நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். பார்க்க வருபவர்களின் பொறுமைக்கு ஏற்ற வேலையைத்தான் காட்டுகிறார்கள். கொழுப்பு மெழுகுதிரி வார்ப்பதும் இப்படித்தான். 1858இலேயே இதே மாகாணத்தின் ஆயில் ஸ்பிரிங்ஸில் எண்ணெய்க் கிணறு வந்துவிட்டது, அதற்குப் பிறகு கொஞ்சம் காசுள்ள வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குத்தான்.

அதனால் செய்து காட்டுபவரிடம், "இதை அந்தக் காலத்தில் வீட்டிலேயே செய்தார்களா, கடையில் வாங்கினார்களா?" என்று கேளுங்கள். அநேகமாக அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் மனப்பாடப் பேச்சை விட்டுவிட்டு உண்மையாகப் பேசத் தொடங்குவார்கள்.

விளக்குமாறு கட்டும் இடத்தையும் தவற விடாதீர்கள். அதற்கு வளர்ப்பது இறுங்கில் ஒரு வகை (தமிழ்நாட்டுக்காரர் சோளம் என்பது). கதிர்க் காம்புகளைத் தடியைச் சுற்றி வைத்துக் கம்பியால் இறுக்கி, பிறகு நெரித்துத் தட்டையாக்கித் தைக்கிறார்கள். நெசவு, தகர வேலை எல்லாம் எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை, பொறுமை இருந்தால் பாருங்கள்.

எல்லாப் பட்டறையிலும் எல்லா நாளும் ஆள் இருக்காது. போகுமுன் அன்றைக்கு எது நடக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.