பரிசுத்த பேட்ரிக் திருநாளும் எங்கள் வீட்டு மேசையும்

அன்புள்ள சகோதரிக்கு,

நவம்பரில் குடும்பத்தோடு அயர்லாந்தின் டப்ளினுக்கு வந்திருப்பதாகவும், மார்ச் 17ஆம் தேதி வரும் இந்நாட்டுப் பாதுகாவலர் பரிசுத்த பேட்ரிக்கின் திருநாளுக்காகப் பிள்ளைகளைப் பச்சை உடையில் அனுப்பும்படி பள்ளியிலிருந்து கடிதம் வந்ததாகவும், “இது குடிகாரர்களின் பண்டிகை, விசுவாசிகளுக்கு ஆகாது” என்று ஜெபக்குழுவில் ஒருவர் கண்டித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே வாடகை, ஓட்டுநர் உரிமம், விடுமுறை நாள் சம்பளம் ஆகியவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு உங்கள் வார்டில் இருக்கும் எந்த மலையாளி நர்ஸும் என்னைவிடச் சரியாகப் பதில் சொல்வார். பண்டிகையைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த நாள் எனக்குச் செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

நான் இங்கு வந்து இறங்கியது 2004 மார்ச் மாதம். ஊரில் என்னிடம் பணம் வாங்கிய முகவர், அந்த மாதத்தில் இப்படியொரு பொது விடுமுறை இருப்பதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் புதன்கிழமை, வங்கிக் கணக்குத் தொடங்குவதற்காகச் சான்றிதழ்களையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, பருத்திச் சேலைக்கு மேல் ஒரே ஒரு ஸ்வெட்டரோடு நகரத்துக்குப் போய், பூட்டிய கதவின் முன்னால் நின்றேன். திரும்பும் வழியில் ஊர்வலம் முடிந்த கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டேன். ஒரு பையன் தன் பச்சைத் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தான். இன்னொருவன் கையிலிருந்த பீர் என் பைக்குள் கொட்டியது. பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல் நனைந்து ஒட்டிக்கொண்டதைப் பார்த்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதேன்.

ஆகவே என் முதல் எச்சரிக்கை இதுதான்: ஊர்வலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஆனால் அது முடிந்ததும் நகரத்தின் நடுவில் நிற்காமல் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். முடிந்தால் உங்கள் புறநகர்ப் பகுதியில் நடக்கும் சிறிய ஊர்வலத்துக்கே போங்கள். அங்கே டிராக்டரும் பள்ளிப் பிள்ளைகளும் உள்ளூர் விளையாட்டுக் குழுவும்தான் வரும். அழகு குறைவு, ஆனால் தெரிந்த முகங்கள் இருக்கும்.

உங்கள் ஜெபக்குழுவின் சகோதரருக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். இதே நாட்டில் 1920களிலிருந்து 1960 வாக்கு வரை, இந்த நாளில் மதுக்கடைகள் சட்டப்படி மூடியிருந்தன. கோயிலுக்குப் போய்வந்து வீட்டில் சாப்பிடும் நாளாகத்தான் அது இருந்தது. டப்ளினின் இன்றைய பெருவிழா 1996இல்தான் தொடங்கியது. இது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களாகிய லெந்து காலத்துக்குள்ளேயே விழும் நாள் என்பதால், நாற்பது நாளுக்கு இனிப்பை ஒறுத்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு நாள் விலக்குக் கொடுக்கும் வழக்கமும் இங்குள்ள வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டிலும் அப்படியே. எதையெடுத்தாலும் “அஞ்ஞானம்” என்று சொல்லி வீட்டுக்கதவைச் சாத்திக்கொள்பவர்களை இருபது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அவர்களுடைய பிள்ளைகள்தாம் பதினெட்டு வயதில் முதலில் மதுக்கடைக்குப் போகிறார்கள். பச்சைத் தொப்பி போட்டுப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டு, அன்று யாருடைய திருநாள் என்றே தெரியாதவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேரிடமும் நான் வாதாடுவதை நிறுத்திவிட்டேன்.

வீட்டில் நாங்கள் அந்த மனிதரிடமிருந்துதான் தொடங்குகிறோம். ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த பேட்ரிக் ஐரிஷ்காரரே அல்ல, பிரிட்டனிலிருந்து வந்தவர். அவரே எழுதிய இரண்டு எழுத்துகள் நம் கைக்குக் கிடைத்திருக்கின்றன. ஒன்று தம் வாழ்க்கையைச் சொல்லும் அறிக்கை. மற்றது, தாம் ஞானஸ்நானம் கொடுத்த மக்களைக் கொன்றும் அடிமைகளாகப் பிடித்தும் சென்ற கொரோட்டிகஸ் என்பவனின் படைவீரரைக் கண்டிக்கும் கடிதம். தாத்தா குருவானவர், தகப்பனார் உதவிக்குரு, ஆனாலும் சிறுவயதில் தாம் மெய்யான கடவுளை அறியாமல் இருந்ததாக அறிக்கையில் ஒப்புக்கொள்கிறார். (நம் சேகரங்களில் இப்படிப்பட்ட பேரன்களை நாம் பார்த்ததில்லையா?) பதினாறு வயது ஆகும் தறுவாயில் கொள்ளையர் அவரைப் பிடித்து அயர்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு ஆண்டுகள் ஆடுமாடு மேய்த்த அடிமை, பனியிலும் மழையிலும் விடியுமுன் எழுந்து ஜெபித்தவர், தப்பிப் பிறந்த ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, தம்மை அடிமையாக வைத்திருந்த அதே மக்களிடம் பிஷப்பாகத் திரும்பிவந்தார். இதை, அண்ணன்மார் அடிமையாக விற்ற வேதாகம யோசேப்பின் கதைக்குப் பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பிள்ளையும் எழுந்து போகாது. பாம்புகளை விரட்டியது வெறும் கதை. இந்தத் தீவில் விரட்டுவதற்குப் பாம்பே இருந்ததில்லை.

மூவிலைச் செடியைக் காட்டித் திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை விளக்கினார் என்பதும் அவருடைய எழுத்தில் இல்லை, பிற்காலத்தில் சேர்ந்த மரபு. இருந்தாலும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்கிறேன், மரபு என்று சொல்லியே சொல்கிறேன். கடையில் அலங்காரம் வாங்கும்போது கவனியுங்கள்: நம் ஆரைக்கீரை மாதிரி நான்கு இலை இருந்தால் அது அதிர்ஷ்டச் சின்னம், பேட்ரிக்கின் செடி புளியாரை மாதிரி மூன்று இலை கொண்டது.

பிறகு ஆராதனை. நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்று எழுதியிருப்பதால் அயர்லாந்துச் சபையில் நடக்கும் ஆராதனை உங்களுக்கு அந்நியமாக இராது, இரண்டும் இங்கிலாந்துச் சபையோடு உறவுள்ள சபைகளின் கூட்டாகிய ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தவையே. நான் திருநெல்வேலிக்காரி; அன்று மதியம் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு பேரைப் பற்றிச் சொல்வேன். எங்கள் ஊர்ப்பக்கம் இடையன்குடியில் திரித்துவ ஆலயத்தைக் கட்டி, திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய பிஷப் கால்டுவெல் 1814இல் ஆண்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவர். அதே பக்கத்து டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயாக இருந்து 1951இல் அங்கேயே மரித்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் டவுன் மாவட்டத்துக்காரர். இந்தத் தீவிலிருந்து அவர்கள் நம் செம்மண்ணுக்கு வந்தார்கள், நாம் இங்கே வந்திருக்கிறோம் என்று சொன்னால், “எங்கிருந்து வந்தாய்?” என்று பள்ளியில் கேட்கும்போது பிள்ளை தலை குனியாமல் பதில் சொல்கிறது.

சாப்பாட்டில் அமெரிக்கர்களைப் பார்த்து உப்பிட்ட மாட்டிறைச்சியையும் பச்சைச் சாயம் போட்ட பாலையும் கொண்டுவராதீர்கள். இங்கே வேகவைத்த பன்றியிறைச்சியும் முட்டைக்கோசும்தான். நான் கோசை மட்டும் கடுகும் தேங்காயும் போட்டுத் தாளித்துவிடுவேன். சோடா ரொட்டியைக் கட்டாயம் சுடுங்கள். 450 கிராம் மாவு, ஒவ்வொரு தேக்கரண்டி உப்பும் சமையல் சோடாவும், பிசைவதற்குப் புளித்த மோர், அவ்வளவுதான். பரோட்டா மாவைப் போல அடித்துப் பிசைந்தால் கல்லாகிவிடும். கைபட்டும் படாமலும் சேர்த்து, மேலே சிலுவையாகக் கீறி, சூடான ஓவனில் முக்கால் மணி நேரம் வையுங்கள். அடியில் தட்டினால் வெற்றுக்குடம் போலச் சத்தம் வரவேண்டும்.

இந்த ரொட்டியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், அந்த முதல் மார்ச் 17 மாலையில் என் நனைந்த சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தம் வீட்டு ரேடியேட்டரின் மேல் காயப்போட்ட கீழ்வீட்டுப் பாட்டி. காலைப் பூசைக்குப் போனபோது அவர் தம் கோட்டில் குத்தியிருந்த மூவிலைக் கொத்து மண்ணோடு வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பாதியைப் பிய்த்து என் ஸ்வெட்டரில் ஊக்கால் குத்திவிட்டு, வெண்ணெய் தடவிய ரொட்டியை நீட்டினார். எனக்கு அன்று அது உப்பும் இல்லாமல் உறைப்பும் இல்லாமல் இருந்தது. இரவு அறைக்கு எடுத்துப்போன மீதித் துண்டை, அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுத் தின்று தீர்த்தேன். இன்றுவரை எங்கள் வீட்டில் அந்த ரொட்டிக்கு நார்த்தங்காய்தான்.