அணையின் அடிப்பகுதி ஏன் அவ்வளவு தடிமன்?

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே 1930களில் கட்டிய ஹூவர் அணையைப் பாருங்கள், உயரம் 221 மீட்டர், உச்சியில் தடிமன் சுமார் 14 மீட்டர்தான், ஆனால் அடியில் 200 மீட்டர்! காரணம் நீரழுத்தம். அதாவது தேங்கி நிற்கும் தண்ணீர் சுவரைத் தள்ளும் விசை. மேலே இருக்கும் தண்ணீரின் எடையை எல்லாம் அடியில் இருக்கும் தண்ணீர் தாங்குவதால், அது பக்கவாட்டிலும் அதே அழுத்தத்தோடு தள்ளுகிறது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு சதுர மீட்டர் சுவரில் சுமார் 10 டன் எடைக்குச் சமமான விசை கூடிக்கொண்டே போகும்.

நீச்சல் குளத்தில் மேலே மிதக்கும்போது ஒன்றும் தெரியாது, அடிவரை முங்கினால் காது அடைத்து வலிக்கும் இல்லையா, அதே கதைதான்.

அப்புறம் அந்த அணையின் வளைவு, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அணைக்குப் பின்னால் தேங்கும் ஏரியை நோக்கிப் புடைத்து நிற்பதால், தண்ணீர் தள்ளத் தள்ள கான்கிரீட் இறுகி, சுமையில் ஒரு பகுதி இரண்டு பக்கப் பாறைகளுக்கும் போய்விடுகிறது. கான்கிரீட்டுக்கு இழுவிசை ஆகாது, அமுக்கினால் நன்றாகத் தாங்கும்.

சரி, ஏரி நீளமாக இருந்தால் அழுத்தம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஒரே ஆழம் என்றால் 1 கிலோமீட்டர் ஏரியும் 100 கிலோமீட்டர் ஏரியும் சுவரை ஒரே அளவில்தான் தள்ளும்.