ஊசிக்குப் பதிலாக மூக்கில் சொட்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஊசி என்றாலே ஊரைக் கூட்டிவிடுகிறான். இனி எல்லாத் தடுப்பு மருந்தும் மூக்கில் விடுகிற சொட்டாகவே வந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, கரூர்

எல்லாம் வராது. மூச்சு வழியாகத் தொற்றுகிற ஃப்ளூ, கொரோனா மாதிரி நோய்களுக்குத்தான் இந்த வழியில் பெரிய எதிர்பார்ப்பு. காயத்தின் வழியாக நுழைகிற டெட்டனஸுக்கு மூக்கில் காவல் போட்டு என்ன செய்ய? ஃப்ளூவுக்கான ஸ்ப்ரே ஒன்றும் புதிதில்லை, அமெரிக்காவில் ஃப்ளூமிஸ்ட் 2003லேயே அனுமதி பெற்றுவிட்டது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ தடுப்பு மருந்தை பெரும்பாலும் மூக்கில்தான் அடிக்கிறார்கள்.

ஆனால் ஊசி வலி இல்லை என்பது இதில் சின்ன லாபம்தான். கையில் போடும் ஊசி ரத்தத்தில் ஆன்டிபாடியை, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதத்தை, நன்றாக உண்டாக்கும், நுரையீரலைக் காப்பாற்றும், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும். மூக்கின் உள்சவ்வில் மட்டும் அதன் வேலை குறைவு. கொரோனாவுக்கு இரண்டு ஊசி, பூஸ்டர் எல்லாம் போட்டவர்களுக்கும் ஒமிக்ரான் வந்ததற்கு வைரஸ் உருமாறியது ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம். மூக்கிலேயே மருந்து கொடுத்தால் ஐ.ஜி.ஏ என்ற ஆன்டிபாடி அந்தச் சவ்விலேயே சுரக்கும், வைரஸ் அங்கேயே மடக்கப்படும், அடுத்தவருக்குப் பரவுவதும் குறையும் என்பதுதான் கணக்கு. போலியோவில் இது நடந்தும் இருக்கிறது: வாய்வழிச் சொட்டு மருந்து குடலிலேயே எதிர்ப்பை உண்டாக்கும், போலியோ ஊசி வாதத்தைத் தடுத்தாலும் குடலில் அந்த அளவுக்குச் செய்யாது.

கேள்வி: கொரோனாவுக்கு நம் நாட்டிலேயே ஒரு மூக்கு மருந்து வந்ததே, அது என்ன ஆயிற்று?
- வாசகர், மதுரை

இன்கோவாக். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான தொழில்நுட்பத்தை வாங்கி ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரித்தது. உடலுக்குள் பெருக முடியாதபடி மாற்றிய சிம்பன்சி அடினோவைரஸ்தான் (சளி மாதிரி நோய் தரும் வைரஸ் வகை) அதில் கொரோனாவின் அடையாளத்தை உள்ளே சுமந்து போகும் வாகனம். 2022 செப்டம்பரில் அனுமதி, 2023 ஜனவரி 26 அன்று வெளியீடு, ஒவ்வொரு துவாரத்திலும் நான்கு சொட்டு, தனியார் விலை 800 ரூபாய், அரசுக்கு 325. ஆனால் அது வந்து சேர்ந்தபோது கொரோனா என்ற பேச்சே மக்களுக்கு அலுத்துப் போயிருந்தது, அப்புறம் யார் காசு கொடுத்துப் போட்டுக்கொள்வார்கள்?

எனக்குள்ள குறை வேறு. சுமார் மூவாயிரம் பேரிடம் நடந்த அதன் மூன்றாம் கட்டச் சோதனை, கோவாக்சினோடு ஒப்பிட்டு முக்கியமாக ஆன்டிபாடி அளவையும் பாதுகாப்பையும்தான் பார்த்தது. போட்டுக்கொண்டவர் மற்றவருக்குப் பரப்புவது குறைந்ததா என்று அதில் நிரூபிக்கப்படவில்லை, எதிர்பார்ப்பு முழுக்க அதன்மேல்தான் இருந்தும்கூட. ஆக்ஸ்போர்டு தன் கொரோனா தடுப்பூசி மருந்தையே மூக்கில் அடித்துப் பார்த்தது, 2022 அக்டோபரில் வந்த முடிவு ஏமாற்றம்தான்: சிலரிடம் மட்டும்தான் மூக்கில் எதிர்ப்பு தெரிந்தது, அதுவும் பலவீனமாக.

மூக்கின் வேலையே உள்ளே வருவதை வெளியே தள்ளுவது, சளி கால் மணி, இருபது நிமிடத்திலேயே நிறைய மருந்தை அடித்துக்கொண்டு போய்விடும். பழைய கையான ஃப்ளூமிஸ்ட்டே சரியாக வேலை செய்யவில்லை என்று 2016இல் அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு அதைப் பரிந்துரைப்பதை நிறுத்தி, இரண்டு சீசன் கழித்துத்தான் திரும்பச் சேர்த்தது.

கேள்வி: மூக்கு மூளைக்குப் பக்கம் ஆயிற்றே, ஆபத்து இல்லையா? ஆஸ்துமா உள்ள என் மாமனாருக்கு (வயது 68) ஃப்ளூ ஸ்ப்ரே கொடுக்கலாமா?
- வாசகி, நாகர்கோவில்

பயம் நியாயமானதுதான். 2000-01 சீசனில் சுவிட்சர்லாந்தில் ஒரு மூக்கு வழி ஃப்ளூ மருந்து போட்டவர்களில் சிலருக்கு முகவாதம் வந்து, அதைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வீரியம் கூட்டுவதற்காக அதில் சேர்த்திருந்த ஈ.கோலை பாக்டீரியா நச்சின்மேல்தான் சந்தேகம் விழுந்தது. ஃப்ளூமிஸ்ட்டில் அந்த நச்சு கிடையாது. அதில் இருப்பது உயிருள்ள, பலவீனமாக்கிய வைரஸ், மூக்கின் குளிர்ச்சியில் வளரும், நுரையீரலின் சூட்டில் சரியாக வளராது.

ஆனாலும் மாமனாருக்கு வேண்டாம். அந்த ஸ்ப்ரேக்கு அனுமதி 2 முதல் 49 வயது வரைதான், கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும்கூட அது கிடையாது. ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு கூடலாம். அவர் வயதுக்கு ஊசியாகப் போடும் ஃப்ளூ மருந்துதான் சரி, ஆண்டுக்கு ஒருமுறை. டாக்டரிடம் ஆஸ்துமாவைச் சொல்லி மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள்.